டெல் யு2723க்யூஇ: லேப்டாப்புக்குத் துணையாக ஒரு 27 அங்குலத் திரை

டெல் நிறுவனத்தின் யு2723க்யூஇ, 2022-இல் வந்த 27 அங்குல 4கே மானிட்டர். புதிய மாடல் அல்ல. 120 ஹெர்ட்ஸ் வேகமும் (விநாடிக்கு 120 முறை படம் புதுப்பிக்கும்) தண்டர்போல்ட் 4 என்ற அதிவேக இணைப்பும் கொண்ட யு2725க்யூஇ 2025-இல் வந்துவிட்டது. இருந்தாலும், வேலைக்கு லேப்டாப் வைத்திருப்பவர்கள் பக்கத்தில் இன்னொரு திரை வைக்க நினைத்தால், பழைய மாடலான இதையே இன்னும் தைரியமாகச் சொல்லலாம். படம் நன்றாக இருக்கிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஒரே ஒரு யுஎஸ்பி-சி கேபிளில் எல்லாம் முடிந்துவிடுகிறது: படம் போகிறது, லேப்டாப்புக்கு 90 வாட் வரை சார்ஜ் ஏறுகிறது, மானிட்டரின் பின்னால் செருகிய கீபோர்டும் மவுஸும் வேலை செய்கின்றன, இணையக் கேபிளும் அதே வழியாக வருகிறது. சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டில் படுக்கையறை ஓரத்து மேசையில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வேலை பார்ப்பவருக்கு இதன் அருமை தெரியும். காலையில் ஒன்றைச் செருகினால் போதும், மாலையில் ஒன்றை உருவினால் மேசை காலி.

ஆனால் அந்த ஒரு கேபிள் வேலை செய்வதும் செய்யாததும் மானிட்டர் கையில் மட்டும் இல்லை. இரண்டாவது திரை வாங்கியவர்களுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை லேப்டாப்பின் போர்ட்டிலும் கேபிளிலும்தான் இருக்கின்றன. அதனால் திரையின் தரத்தைப் பேசுவதற்கு முன் இணைப்பைப் பார்த்துவிடுவோம்.

முதலில் லேப்டாப்பின் யுஎஸ்பி-சி போர்ட். எல்லா சி போர்ட்டும் ஒன்றுபோல் இருக்கும், ஆனால் எல்லாவற்றிலும் படம் வராது. படத்தை வெளியே அனுப்ப ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு’ என்ற வசதி அந்தப் போர்ட்டில் இருக்க வேண்டும். போர்ட்டின் அருகே மின்னல் குறி இருந்தால் அது தண்டர்போல்ட், கவலை இல்லை. டியும் (D) பியும் (P) பிணைந்த சின்னம் இருந்தாலும் சரி. எந்தக் குறியும் இல்லையென்றால் லேப்டாப்பின் முழு மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் பார்க்க வேண்டும். சில லேப்டாப்களில் இரண்டு சி போர்ட் இருக்கும், ஒன்றில் மட்டும் படம் வரும். கேமிங் லேப்டாப்களில் வேறொரு சிக்கல்: சி போர்ட்டில் படம் வரும், சார்ஜ் ஏறாது. ஏறினாலும், 180 வாட் அடாப்டரோடு வந்த லேப்டாப்புக்கு 90 வாட் பற்றாது. கனமான வேலை கொடுத்தால் சார்ஜில் இருக்கும்போதே பேட்டரி இறங்கும். அப்படிப்பட்டவர்கள் லேப்டாப்பின் சொந்த அடாப்டரையும் செருகியே வைக்க வேண்டியதுதான். ஒற்றைக் கேபிள் வசதிக்காக இவர்கள் இந்த மானிட்டருக்குக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம்.

அடுத்தது கேபிள். கைப்பேசியோடு வந்த சி கேபிளை எடுத்துச் செருகிவிட்டு, “சார்ஜ் ஏறுது, படம் வரலையே” என்று கேட்பவர்கள் நிறைய. சார்ஜர் கேபிளில் மின்சாரத்துக்கும் பழைய யுஎஸ்பி 2.0 வேகத்துக்கும் உரிய கம்பிகள் மட்டுமே ஓடும். படத்தைச் சுமக்கும் நான்கு ஜோடி அதிவேகக் கம்பிகள் அதற்குள் கிடையாது. அட்டையில் 100 வாட் என்று போட்டிருப்பது மின்சாரத்தின் அளவு மட்டும்தான், படத்துக்கு அது உத்தரவாதம் ஆகாது. முழு வசதி கொண்ட கேபிள் சற்றுத் தடிமனாக, விறைப்பாக இருக்கும். மானிட்டர் பெட்டிக்குள் வரும் சி கேபிள் அந்த வகை, அதையே பயன்படுத்துங்கள். அதன் நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். லேப்டாப்பை மேசையின் மறுகோடியில் வைத்தாலோ, மானிட்டரை ஆர்மில் (திரையைத் தாங்கும் கை) மாட்டினாலோ எட்டாமல் போகலாம். அப்போது ‘தண்டர்போல்ட் 4’ என்று அச்சிட்ட இரண்டு மீட்டர் கேபிள் வாங்குவது நல்லது. பெயர் தெரியாத மூன்று மீட்டர் கேபிளில் படம் விட்டுவிட்டு வரும், அல்லது சில விநாடிக்கு ஒருமுறை கறுத்துப் போகும்.

மானிட்டரிலும் எந்தச் சி போர்ட் என்று கவனிக்க வேண்டும். மொத்தம் மூன்று இருக்கின்றன. பின்னால் இருக்கும் இரண்டில் ஒன்றுதான் படத்துக்கும் சார்ஜுக்கும் உரியது. மற்றது தரவுக்கு மட்டும், இரண்டாவது கணினியின் கீபோர்டு மவுஸ் இணைப்புக்காக வைத்தது. திரையின் கீழ்விளிம்பில் இருக்கும் மூன்றாவதில் கைப்பேசிக்கு 15 வாட் சார்ஜ் ஏற்றலாம், லேப்டாப்பை மாட்டினால் எதுவும் தெரியாது. பின்பக்கப் போர்ட்கள் எல்லாம் கீழ்நோக்கி இருப்பதால் நிமிர்ந்து நிற்கும் மானிட்டரில் தடவித் தடவிச் செருகுவது சிரமம். இந்தத் திரை செங்குத்தாகத் திரும்பும். அப்படித் திருப்பிவிட்டால் போர்ட்கள் பக்கவாட்டில் வந்து கண்ணுக்குத் தெரியும். எல்லாக் கேபிளையும் அந்த நிலையில் செருகி, ஸ்டாண்டின் நடுவில் இருக்கும் துளை வழியாக இழுத்துவிட்டு, பிறகு நேராக்குங்கள். திருப்புவதற்கு முன் ஸ்டாண்டை முழு உயரத்துக்கு உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் மூலை மேசையில் இடிக்கும்.

விண்டோஸில் படம் வந்தவுடன் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் வரிசையாகச் செய்ய வேண்டும். விண்டோஸ் விசையையும் பி (P) விசையையும் சேர்த்து அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ தேர்வு செய்யுங்கள். ‘டூப்ளிகேட்’டில் விட்டால் இரண்டு திரையிலும் ஒரே படம் வரும். லேப்டாப்பின் குறைந்த பிக்சல் அளவு பெரிய திரைக்கும் வந்துவிடுவதால் எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரியும். 4கே வாங்கியும் தெளிவில்லை என்று குறைப்படுபவர்களில் பாதிப்பேர் இங்கேதான் சிக்கியிருப்பார்கள். அடுத்து, டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ‘ஐடென்டிஃபை’ அழுத்தி, 1, 2 என்று எண் போட்ட கட்டங்களை மேசையில் திரைகள் இருக்கும் முறையிலேயே இழுத்து வையுங்கள். லேப்டாப் இடப்பக்கம் தாழ்வாக இருந்தால் கட்டத்தையும் இடப்பக்கம் தாழ்வாக வைக்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அந்தக் கட்டங்களின் அளவு பிக்சல் எண்ணிக்கையை வைத்து வரைவது, அங்குலத்தை வைத்து அல்ல. 3840க்கு 2160 இருக்கும் இந்தத் திரை, 1920க்கு 1200 இருக்கும் லேப்டாப்பைவிட இரு மடங்கு அகலமாகத் தெரியும். அதனால் பெரிய திரையின் மேல் மூலையிலிருந்து மவுஸை நகர்த்தினால் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடும். நீங்கள் அடிக்கடி கடக்கும் உயரத்தில் இரண்டு கட்டங்களும் ஒட்டியிருக்கும்படி வைத்தால் போதும். விண்டோஸ் 11-இல் ‘மல்டிப்பிள் டிஸ்ப்ளேஸ்’ பகுதியில் ‘ஈஸ் கர்சர் மூவ்மென்ட்’ என்ற தேர்வை இயக்கினால் இந்த முட்டல் பெரும்பாலும் மறைந்துவிடும். அதே இடத்தில், திறந்திருக்கும் செயலி ஜன்னல்களின் இடத்தை நினைவில் வைக்கும் தேர்வும் இருக்கிறது, அதையும் இயக்குங்கள். மறுநாள் கேபிளைச் செருகியதும் நேற்று இருந்த இடத்துக்கே எல்லாம் போய்ச் சேரும்.

பிறகு ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’க்குள் போய் வேகம் 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். 30 என்று இருந்தால் அதைச் சரிசெய்யாமல் நகராதீர்கள். 30 ஹெர்ட்ஸில் மவுஸ் விட்டுவிட்டுத் தாவும், பக்கத்தை உருட்டும்போது வரிகள் கலங்கும், இரண்டு மணி நேரத்தில் கண் சோர்ந்துவிடும். 30-இல் நிற்பதற்குக் காரணம் இரண்டில் ஒன்று. முதலாவது, பழைய லேப்டாப்பை எச்டிஎம்ஐ வழியாக மாட்டியிருப்பீர்கள். மானிட்டரின் போர்ட் 60-ஐத் தாங்கும், ஆனால் இன்டெல் 8-ஆம் தலைமுறை காலத்து லேப்டாப்கள் பலவற்றின் எச்டிஎம்ஐ, 4கே அளவில் 30-க்கு மேல் போகாது. கேபிளை மாற்றிப் பயனில்லை. சி போர்ட்டுக்கு மாறுவது ஒன்றே வழி.

இரண்டாவது காரணம் மானிட்டரின் மெனுவுக்குள் இருக்கிறது. விலையுயர்ந்த இந்த மானிட்டரின் முழுப் பலனும் கிடைப்பது இந்த ஒரு தேர்வைப் புரிந்துகொள்வதில் இருப்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். கேபிளுக்குள் அதிவேகப் பாதைகள் நான்கு என்று சொன்னோம். அந்த நான்கையும் படத்துக்கே கொடுக்கலாம். அல்லது இரண்டைப் படத்துக்கும் இரண்டை யுஎஸ்பி தரவுக்கும் பிரிக்கலாம். மெனுவில் ‘யுஎஸ்பி-சி ப்ரையாரிட்டைசேஷன்’ என்ற பெயரில் இருப்பது இந்தப் பங்கீடுதான். ‘ஹை ரெசல்யூஷன்’ என்றால் நான்கும் படத்துக்கு. அப்போது யுஎஸ்பி 2.0 வேகத்துக்கு இறங்கிவிடும். ‘ஹை டேட்டா ஸ்பீடு’ என்றால் பாதிக்குப் பாதி. பழைய டிஸ்ப்ளேபோர்ட் 1.2 அளவில் நிற்கும் லேப்டாப்பில் இரண்டு பாதைகள் 4கே 60-க்குப் பற்றாது, 30-க்கு இறங்கிவிடும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 இருக்கும் லேப்டாப்பில், இன்டெல் என்றால் 11-ஆம் தலைமுறைக்குப் பிந்தியவற்றில், இரண்டு பாதைகளே 60 ஹெர்ட்ஸுக்குப் போதும்.

வீட்டில் 1 ஜிகாபிட் ஃபைபர் வைத்திருப்பவர்களுக்கு இது நேரடியாக உறைக்கும். மானிட்டரின் பின்னால் இணையக் கேபிளுக்கு ஜிகாபிட் போர்ட் உண்டு. ஆனால் அது லேப்டாப்பைச் சென்றடைவது அதே யுஎஸ்பி வழியாகத்தான். ‘ஹை ரெசல்யூஷன்’ தேர்வில் மொத்த யுஎஸ்பியும் 480 மெகாபிட்டுக்குள் அடங்கிவிடுவதால் இணைய வேகம் முந்நூறு சொச்சத்தில் நிற்கும். ரவுட்டர் மீதும் இணைய நிறுவனத்தின் மீதும் சந்தேகப்படுவதற்கு முன் இந்த மெனுவைப் பாருங்கள். லேப்டாப் புதியது என்றால் தயங்காமல் ‘ஹை டேட்டா ஸ்பீடு’ வையுங்கள், படம் 60-இல் நிற்கிறதா என்று சரிபாருங்கள். பழையது என்றால் படத்துக்கே முதலிடம் கொடுங்கள். இணையத்துக்கு வைஃபை இருக்கிறது.

இனி திரை. 27 அங்குலத்தில் 4கே என்பது அங்குலத்துக்கு 163 பிக்சல். பரவலாகக் கிடைக்கும் 24 அங்குல ஃபுல் எச்டி திரையில் 92. தமிழில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் ஆங்கிலத்தில் தெரிவதைவிட அதிகமாகத் தெரியும். 11 புள்ளி அளவில் ஒரு பத்தியைத் திறந்து இரண்டு திரையிலும் வைத்துப் பாருங்கள். 92 பிக்சல் திரையில் மெய்யெழுத்தின் மேலிருக்கும் புள்ளிக்குக் கிடைப்பது ஒன்றோ இரண்டோ பிக்சல். சாம்பல் நிறத் துகளாகத் தெரியும் அது க்-ஆ க-வா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். துணைக்காலும் ரகரமும் அடியில் இருக்கும் சின்னச் சாய்கோட்டில்தான் வேறுபடுகின்றன. அந்தக் கோடு அங்கே கரைந்துபோகும். ணகரத்தின் மூன்று சுழிக்கும் னகரத்தின் இரண்டு சுழிக்கும் நடுவே இருக்கும் வெள்ளையும் அடைத்துக்கொள்ளும். யு2723க்யூஇ-யில் 150 சதவீத அளவில் அதே எழுத்து ஒன்றரை மடங்கு பிக்சல்களில் வரைவதால் புள்ளி வட்டமாக, தனியாக நிற்கிறது. மெய்ப்புப் பார்ப்பவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், தாய்மொழி வகுப்புக்குப் பயிற்சித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள், இவர்கள் வேறு எதற்காக இல்லாவிட்டாலும் இதற்காக 4கே வாங்கலாம்.

அளவு 150 சதவீதமே சரி. 100-இல் எழுத்து எறும்பாகிவிடும், 200-இல் இடம் வீணாகிவிடும். 150-இல் 2560க்கு 1440 அளவுக்கான இடம் கிடைக்கும். இந்தத் திரையின் அகலம் ஏறக்குறைய 60 செ.மீ., உயரம் ஏறக்குறைய 34 செ.மீ. ஏ4 தாள் இரண்டை முழு அளவில் அருகருகே வைத்தால் 42 செ.மீ. போக ஓரத்தில் அரட்டைச் செயலிக்கு இடம் மிச்சமிருக்கும். ஆங்கில மூலம் ஒருபக்கம், தமிழ் ஒருபக்கம், லேப்டாப் திரையில் அகராதி என்று வைத்துக்கொள்ளலாம். செங்குத்தாகத் திருப்பினால் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு ஏ4 பக்கம், டாஸ்க்பார் அளவு குறைவாக, தெரியும். செங்குத்தில் ஒரு சின்னக் குறை: விண்டோஸின் கிளியர்டைப், பிக்சலுக்குள் சிவப்பு பச்சை நீலம் பக்கவாட்டில் அடுக்கியிருப்பதாக நினைத்து எழுத்தை வரைகிறது. திருப்பியதும் அடுக்கு மேல்கீழாகிவிடுவதால் எழுத்தோரத்தில் லேசாக நிறம் கசியும். 163 பிக்சல் அடர்த்தியில் இது பலருக்குத் தெரியாது. தெரிந்தால் கிளியர்டைப்பை அணைத்துவிடுங்கள்.

ஐபிஎஸ் பிளாக் என்ற பேனல் வகையை முதலில் கொண்டுவந்த மானிட்டர்களில் இது ஒன்று. கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள விகிதம் 2000:1, சாதாரண ஐபிஎஸ் திரையில் இது 1000:1 அளவில் இருக்கும். விளக்கை அணைத்துப் படம் பார்க்கும்போது கறுப்பு சாம்பலாகத் தெரியாமல் ஓரளவு கறுப்பாகவே நிற்கிறது. ஓஎல்இடி போல் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வெளிச்சம் 400 நிட் வரை போகும். இரவில் அறைக்குள் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை, பளிச்சென்று முழு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு கண் வலிக்கிறது என்பவர்கள் மெனுவில் 30 அளவுக்கு இறக்கிப் பார்க்கலாம். எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் முறை) இருப்பதாக அட்டையில் போட்டிருந்தாலும் அதை அணைத்தே வையுங்கள். பகுதி பகுதியாக ஒளியைக் கட்டுப்படுத்தும் வசதி போதுமான அளவு இல்லாத திரையில் எச்டிஆரை இயக்கினால் சாதாரண எழுத்து வேலை வெளிறிப்போகும். விளையாட்டுக்கு இதை வாங்க வேண்டாம். 60 ஹெர்ட்ஸ்தான், வேகமான அசைவில் நிழல் தங்கும்.

ஒலி பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இதில் ஸ்பீக்கர் கிடையாது. ஆனால் கேபிளைச் செருகியதும் விண்டோஸ் ஒலியை மானிட்டருக்குத் திருப்பிவிடும். மானிட்டரிலிருந்து ஒலி வராது. சந்திப்பு தொடங்கும் நேரத்தில் எதிர்முனையில் பேசுவது கேட்காமல் தவிப்பது இதனால்தான். டாஸ்க்பாரில் ஒலிக்குறியை அழுத்தி, லேப்டாப் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். அதோடு நிறுத்தாமல் ஒலி அமைப்புகளுக்குள் போய் மானிட்டரின் பெயருள்ள ஒலிச்சாதனத்தையே முடக்கிவிட்டால் மறுபடி தொந்தரவு இல்லை. மானிட்டரின் பின்னால் 3.5 மி.மீ. துளை ஒன்று இருக்கிறது. அது மின்சாரத்தில் இயங்கும் ஸ்பீக்கருக்கானது, ஹெட்ஃபோனை அதில் மாட்ட வேண்டாம் என்று டெல்லே சொல்கிறது.

மேக் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். படமும் சார்ஜும் உடனே வரும், டிஸ்ப்ளே அமைப்பில் 2560க்கு 1440 போலத் தெரியும் அளவைத் தேர்ந்தெடுத்தால் போதும். எம்1, எம்2 சில்லு உள்ள மேக்புக் ஏரில் வெளித்திரை ஒன்றுதான் ஓடும். எம்3-இல் மூடியை மூடினால் இரண்டு, எம்4-இல் மூடி திறந்திருக்கும்போதே இரண்டு. இந்த மானிட்டரின் பின்னால் டிஸ்ப்ளேபோர்ட் வெளியீடு ஒன்று இருக்கிறது. அதிலிருந்து இன்னொரு மானிட்டருக்குக் கேபிள் போட்டுச் சங்கிலியாக இணைக்கலாம், மெனுவில் எம்எஸ்டி (ஒரே இணைப்பில் பல திரைகளுக்குப் படம் அனுப்பும் வசதி) இயக்கினால் விண்டோஸில் இரண்டும் தனித்தனித் திரையாக வரும். மேக்கில் இந்தச் சங்கிலி பலிக்காது, ஏனென்றால் மேக்ஓஎஸ் எம்எஸ்டி வழியாகத் திரையை விரிப்பதை ஆதரிப்பதில்லை. இரண்டிலும் ஒரே படம்தான் தெரியும். மேக்குக்கு இரண்டாவது மானிட்டர் வேண்டுமென்றால் லேப்டாப்பின் இன்னொரு போர்ட்டிலிருந்தே தனிக் கேபிள் போட வேண்டும்.

அலுவலக லேப்டாப்புக்கு இன்னொரு எச்சரிக்கை. சி போர்ட்டில் படம் வராத லேப்டாப்பில், சாதாரண யுஎஸ்பி தரவு வழியாகவே படத்தை அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் சில்லு உள்ள டாக் (இணைப்புப் பெட்டி) ஒன்றை நடுவில் வைத்து மாட்டலாம் என்று கடையில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு டிரைவர் நிறுவ வேண்டும், நிறுவனம் பூட்டிவைத்த லேப்டாப்பில் அந்த உரிமை உங்களிடம் இருக்காது. வாங்குவதற்கு முன் ஐடி பிரிவிடம் கேட்டுவிடுங்கள். மாறாக, அலுவலக லேப்டாப்பும் வீட்டுக் கணினியும் இரண்டும் வைத்திருப்பவருக்கு இந்த மானிட்டரின் கேவிஎம் வசதி (ஒரே கீபோர்டு, மவுஸ், திரையை இரண்டு கணினிக்கும் பயன்படுத்துவது) பெரிய உதவி. லேப்டாப்பைச் சி கேபிளில் மாட்டுங்கள். வீட்டுக் கணினியை டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் மாட்டி, கூடவே தரவுக்கான அந்த இரண்டாவது சி போர்ட்டுக்கு ஒரு யுஎஸ்பி கேபிள் போடுங்கள். உள்ளீட்டை மாற்றும்போது கீபோர்டும் மவுஸும் சேர்ந்தே மாறும். வீட்டுக் கணினியில் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிளை அந்தக் கார்டில் செருகுங்கள், மதர்போர்டின் போர்ட்டில் அல்ல. ப்ராசஸர் பெயரின் கடைசியில் எஃப் என்று முடியும் இன்டெல் சில்லுகளில் உள்ளமைந்த கிராபிக்ஸே கிடையாது. மதர்போர்டில் செருகினால் திரை செத்ததுபோல் இருக்கும்.

தூக்கத்திலிருந்து எழுப்பும்போது ‘சிக்னல் இல்லை’ என்று சில நேரம் நிற்கலாம். சி கேபிளை உருவி ஐந்து விநாடி கழித்துச் செருகிப் பாருங்கள். வராவிட்டால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள், கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். அதற்கும் மசியாவிட்டால் மானிட்டரின் மின்கேபிளைச் சுவரிலிருந்து கழற்றி அரை நிமிடம் விடுங்கள். மானிட்டரின் பவர் பொத்தானை அழுத்தி அணைத்து எழுப்புவது இதற்கு ஈடாகாது, உள்ளே மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அடிக்கடி நடந்தால் லேப்டாப்பின் பயாஸையும் மானிட்டரின் ஃபர்ம்வேரையும் (இரண்டும் கருவிக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பியுங்கள்.

மேசைக்கு வருவோம். 120க்கு 60 செ.மீ. மேசையில் இதுவும் 14 அங்குல லேப்டாப்பும் தாராளமாக அமரும். ஸ்டாண்ட் 15 செ.மீ. உயரம் ஏறி இறங்கும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே, முகத்திலிருந்து ஒரு கை தூரத்தில் இருக்கட்டும். ஜன்னல் முன்னாலோ பின்னாலோ வராமல் பக்கவாட்டில் வரும்படி மேசையைப் போடுங்கள், நம் ஊர் பிற்பகல் வெயிலை எந்த மேட் பூச்சும் முழுதாகத் தடுக்காது. ஆர்மில் மாட்ட 100க்கு 100 மி.மீ. வெசா துளைகள் (ஆர்ம்களுக்கான பொதுத் தர அளவு) உண்டு. சுவரில் துளையிட வீட்டுக்காரர் விடாத வாடகை அறைகளில் மேசை ஓரத்தில் கவ்வும் ஆர்ம் நல்ல வழி. ஆனால் மேசைப்பலகை என்ன பலகை என்று பாருங்கள். ஐக்கியாவின் லாக்கப்டன் போன்ற இலேசான பலகைகளின் உள்ளே தேன்கூடு வடிவக் காகிதம்தான் இருக்கிறது. கவ்வியை இறுக்க இறுக்கப் பலகை உள்வாங்கி, சில வாரத்தில் ஆர்ம் சாயத் தொடங்கும். மேலும் கீழும் வைக்கும் இரும்புத் தகடு தனியாகக் கிடைக்கிறது, அதை வைத்துத்தான் இறுக்க வேண்டும். லேப்டாப்பை மூடிவைத்து மானிட்டரை மட்டும் பயன்படுத்துபவர்கள், ஏர்கான் இல்லாத அறை என்றால் லேப்டாப்பைச் செங்குத்தாக நிறுத்தியோ அடியில் இடைவெளி விட்டோ வையுங்கள். மூடியதும் தூங்கிவிடாமல் இருக்கப் பவர் அமைப்பில் மூடியை மூடினால் ‘டூ நத்திங்’ என்று மாற்ற வேண்டும்.

வாங்கும் இடம். தேக்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் சிம் லிம் ஸ்குவேர், ஃபுனான், இணையக் கடைகள், டெல்லின் சொந்தத் தளம் எல்லாமே உண்டு. நேரில் போனால் உங்கள் லேப்டாப்பையும் கையோடு கொண்டுபோய், காட்சிக்கு வைத்திருக்கும் மானிட்டரில் செருகிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை, மேலே சொன்ன போர்ட் சந்தேகம் அத்தனையும் அங்கேயே தீர்ந்துவிடும். பொருள், சேவை வரி 9 சதவீதம் சேர்ந்த விலையா, டெல்லின் உள்ளூர் உத்தரவாதம் உண்டா என்று கேளுங்கள். அல்ட்ராஷார்ப் வரிசைக்கு மூன்று ஆண்டு உத்தரவாதத்தோடு, எரிந்தபடியே நிற்கும் பிக்சல் ஒன்று இருந்தாலும் மாற்றித்தரும் ஏற்பாடு இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து நேரடியாக இறக்கிய பெட்டிக்கு இது கிடைக்குமா என்பதை விலை பேசும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். அப்படி வந்த பெட்டியில் இரண்டு பின் பிளக் இருந்தால், மலிவு மாற்றி ஒன்றை இடையில் செருகாமல், பாதுகாப்பு முத்திரை உள்ள மூன்று பின் கேபிளாகவே மாற்றுங்கள். வீட்டுக்கு வந்த முதல் நாளே முழு வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாகத் திரை முழுதும் வைத்து ஓரங்களைப் பாருங்கள். வாங்கி ஆறு மாதத்துக்குள் தெரியும் கோளாறு, கொடுக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும் என்று 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள லெமன் சட்டம் சொல்கிறது. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பெட்டியையும் உள்ளிருக்கும் தெர்மோகோலையும் வீட்டின் பாம் ஷெல்டரில் (காப்பறை) ஓரமாக வைத்திருங்கள், மாற்ற வேண்டி வந்தால் தேவைப்படும்.

யாருக்கு இது வேண்டாம்? மின்னஞ்சலும் எக்செலும் மட்டுமே பார்ப்பவர், லேப்டாப்பை மேசையிலிருந்து நகர்த்தாதவர், 24 அங்குல ஃபுல் எச்டி திரையோடும் ஓர் எச்டிஎம்ஐ கேபிளோடும் நிம்மதியாக இருக்கலாம், செலவும் வெகுவாகக் குறையும். வேகமான அசைவும் வேண்டும், கையில் வெள்ளியும் இருக்கிறது என்பவர் புதிய யு2725க்யூஇ-க்குப் போகலாம். தினமும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்வந்து, நாளெல்லாம் எழுத்தையே பார்த்திருப்பவருக்கு யு2723க்யூஇ. பழைய மானிட்டர் வீட்டில் இருந்தால், புதியதைக் கொண்டுவந்து தரும் கடையிடமே அதை எடுத்துப்போகச் சொல்லலாம். 2021 ஜூலை 1 முதல் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இலவசமாக எடுத்துக்கொள்வது அவர்கள் கடமை. ஆர்டர் போடும்போதே சொல்லிவிட்டால் வரும் ஆள் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுவார்.